முனீஸ்வரரின் ஃபைபர் குதிரை

குருண் டவுனைத் தாண்டி இருக்கும் எங்கள் எஸ்டேட் முனீஸ்வரர் கோயிலுக்குப் புதுக் குதிரை வந்து இறங்கியதும், பழைய குதிரையை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. நானும் கமிட்டியில் இருந்தேன். சொந்தமாக லோரி வைத்திருப்பதுதான் என் தகுதி. பழைய சிலையை ஆற்றில் கரைப்பதுதானே வழக்கம் என்றார் தலைவர். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினோம். அது மண் குதிரை அல்ல, ஃபைபர் கிளாஸ் குதிரை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மேளம் அடித்து ஆற்றில் இறக்கினோம். குதிரை முங்கவே இல்லை. ஒய்யாரமாக மிதந்துபோய், வளைவில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் முன்னால் நின்றது. அவர் தூண்டிலை விட்டுவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஆட்களோடு திரும்பி வந்து, "அன்னே, அம்பில் பாலிக் லா," என்று குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எரிக்கலாமா என்று வாலில் மட்டும் தீ வைத்துப் பார்த்தோம். கிளம்பிய கரும்புகையில் லைன் வீடுகளில் காய்ந்த துணியெல்லாம் நாறியது. பெண்கள் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். புதைத்தால்? "நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கு அப்புறமும் அது அப்படியேதாங்க கிடக்கும்," என்றாள் என் மனைவி.

அவளுக்குத் தெரியும். பழைய ஃபைபர் படகுகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் அரைத்துத் தூளாக்கும் பட்டறையில்தான் அவளுக்கு வேலை. தூளைச் சிமெண்டில் கலந்து கல் போடுவார்கள். பூமியைக் காப்போம் என்று வாசலில் பச்சை எழுத்தில் பலகை வேறு.

பூமியைக் காத்தார்களோ என்னவோ, என் மனைவியை யாரும் காக்கவில்லை. அரைக்கும்போது கிளம்பும் கண்ணாடித் தூசி, பின்னால் இருக்கும் செம்பனை மட்டைகளில் வெள்ளையாகப் படியும். மழை பெய்தால் கால்வாயில் இறங்கும். மிச்சம் அவள் நெஞ்சுக்குள் போகும். வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு, ஒரு வாக்கியத்தை முடிக்க விடாத இருமல். எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் தெளித்து அரைக்கலாம், நல்ல மாஸ்க் கொடுக்கலாம் என்று அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். சீன முதலாளி கெட்டவர் இல்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எல்லா மாதமும் சிரித்தபடி சொல்வார்.

வேறு வழியில்லாமல் குதிரையை அந்தப் பட்டறைக்கே ஏற்றிப்போனேன். பூசாரியும் கூட வந்தார். அரைக்கும் இயந்திரத்துக்குச் சூடம் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாமி ஏறின குதிரை தம்பி. தூள் காத்துல பறக்கக்கூடாது, கால்ல மிதிபடக்கூடாது, சாக்கடையில கலக்கக்கூடாது. தௌக்கேகிட்ட சொல்லிடு லா."

முதலாளியிடம் மலாயில் சொன்னேன். அவர் குதிரையின் உருட்டு விழிகளைப் பார்த்தார், அவசரமாகக் கைகூப்பினார். மறுநாளே தண்ணீர்க் குழாய் வந்தது. தூசி உறிஞ்சும் இயந்திரம் வாடகைக்கு வந்தது. கழிவுநீரைத் தேக்கப் பீப்பாய்கள், எல்லாருக்கும் மாஸ்க். பெண்டாட்டியின் நுரையீரலுக்குக் கிடைக்காத மரியாதை ஃபைபர் குதிரைக்குக் கிடைத்ததில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிலும், குதிரை முடிந்ததும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு குதிரை எத்தனை நாளைக்குங்க வரும்?" என்று மனைவி கேட்டாள்.

தலை போனது, வயிறு போனது, முன்னங்கால்கள் போயின. கடைசிப் பின்னங்காலை மட்டும் அவள் மஞ்சள் துணியில் சுற்றிப் பட்டறை அலமாரியில் வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டாள். மற்ற படகும் தொட்டியும் அதன் முன்னாலேயே வழக்கம்போல அரைபட்டன, தண்ணீர் தெளித்து, தூசி அடக்கி. குதிரை முடிந்துவிட்டதா என்று முதலாளி கேட்டால், "பெலும் ஹபிஸ், தௌக்கே," இன்னும் முடியவில்லை என்பாள். அதை அரைக்க நல்ல நாள் பார்க்க வேண்டுமாம். பூசாரியும் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இந்த மாதம் சரியில்லை என்பார். இப்போது முதலாளியே வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காலுக்கு ஆரஞ்சுப் பழம் வைக்கிறார்.

அவள் இருமல் குறைந்திருக்கிறது. நேற்று ஒரு முழுச் சண்டையை மூச்சு வாங்காமல் போட்டாள்.

கோயிலுக்குப் போனால் எல்லாரும் நல்ல காலம் பிறக்க வேண்டும் என்று கும்பிடுகிறார்கள். நான் புதுக் குதிரையின் முன்னால் நின்று, நல்ல நாளே வந்துவிடக் கூடாது சாமி என்று கும்பிடுகிறேன்.