நாயைச் சாக்கிட்டு

எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நானும் என் கணவருமாகச் சேர்ந்து பாழாக்கிவிட்டோம். கடைசியில் அதைச் சொல்லிக் கூப்பிட்டாலே நாய் கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது.

வில்லியனூரை அடுத்த கிராமம் ஒன்றில் எங்கள் வீடு. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரே மகள். அவள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் தம்பியின் பெயர் வர வேண்டிய இடத்தில் பெயரே இல்லை. அச்சகத்தில் மாதிரியைச் சரிபார்த்தவர் என் கணவர். கேட்டால், "வுட்டுப் போச்சு, இப்ப இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். தம்பி வந்தான், மாமன் சீரை வைத்தான், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அன்றோடு எனக்கும் அவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது.

பேச்சில்லாமல் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? எங்கள் பக்கத்தில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். மாமியாருக்குப் போக வேண்டியதை மாட்டிடம் சொல்வார்கள். மருமகளுக்கான வசவைக் கோழி வாங்கிக்கொள்ளும். ஜாடைப் பேச்சு. பிடித்துக் கேட்டால், "நான் கோழியத்தான் சொன்னேன்" என்று தப்பித்துக்கொள்ளலாம். எங்களிடம் மாடும் இல்லை, கோழியும் இல்லை. மகள் புருஷன் வீட்டுக்குப் போன மாதம், கம்பெனி கேட்டருகே திரிந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை அவர் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஆள் கிடைத்துவிட்டது.

"இன்னாடா, இன்னிக்கும் உப்புமாவா? நம்ம தலையெழுத்துடா" என்பார் அதன் தலையைத் தடவியபடி.

"புடிக்கலன்னா கேன்டீன்ல போயி துன்னச் சொல்லுடா தொரைய" என்பேன் நான், அடுப்பைப் பார்த்தபடி.

ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலோரம் நின்று கேட்டுச் சிரிப்பாள். எனக்குக்கூட உள்ளுக்குள் சிரிப்பு வரும். குட்டியும் ஒவ்வொரு பேச்சுக்கும் வாலை ஆட்டிக்கொண்டு இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும். ஆனால் வேடிக்கை எத்தனை நாளைக்கு? அவர் டீச்சரம்மா என்று சொல்லும்போது பல்லைக் கடிக்கத் தொடங்கினார். நான் துரை என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. மூன்று வருடம் அத்தனையும் அந்த நாயின் முகத்துக்கு நேராகத்தான் போயிற்று. நான் அவர்மேல் வைத்த கோபத்தில் ஒரு சொட்டுகூட அவரைத் தொடவில்லை, எல்லாம் நாய்தான் குடித்தது.

அது மாறியதை நாங்கள் கவனிக்கவே இல்லை. பெயரைச் சொன்னால் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது. "வூட்ட நாறடிக்குது" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். செருப்பைக் கடித்துக் குதறியது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் வந்து நின்று உறுமியது. கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனேன். அந்த இளம் டாக்டரம்மா காது, பல், வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "நாய்க்கு ஒண்ணும் இல்லம்மா. வூட்டுல எப்பவும் சத்தமா இருக்குமா?" என்று கேட்டார்.

"எங்க வூட்டுல பேச்சே கெடையாது டாக்டர்" என்றேன். பொய்யில்லைதானே! டாக்டரம்மா பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். நாய் அவள் காலடியிலேயே படுத்துக்கிடந்தது. அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான்கூட நம்பினேன். எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பு.

"உப்பே இல்லடா. டீச்சரம்மாவுக்கு இன்னும் கோவம் ஆறல போல" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "என் தம்பி சாப்புடாம போனானே, அந்தப் பந்தியில உப்பு போட்டாங்களான்னு கேளுடா" என்றேன்.

"டேய்!" என்று கத்திக்கொண்டு அவர் தட்டைத் தரையில் அடித்தார். பார்த்தது நாயை. நாய் நடுவில் நின்று உடம்பெல்லாம் நடுங்கியது. அதை வெளியே கூட்டிப் போகலாம் என்று மகள் குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். திரும்பி அவள் கையைக் கடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி ஊசி போட்டு, வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் கம்பெனிக்குப் பின்னாடி கொண்டுபோயி வுட்டுட்டு வந்துடறேன்."

அந்த இடம் எனக்குத் தெரியும். லாரிகள் திரும்பும் இடம். வீட்டு நாய் அங்கே ஒரு வாரம் தாங்காது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்வதானால் அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். நாயைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நாய் வழியாகப் பேச முடியாதில்லையா? ஒரே ஒரு வார்த்தை. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சொன்னது மகள்தான், கட்டுப் போட்ட கையோடு. "அது இன்னாமா பண்ணும்? நீங்க ரெண்டு பேரும் அத்த வெச்சிதான அடிச்சிக்கிறீங்க. என் கைய கடிச்சது அது இல்ல." அழுதுகொண்டே பாகூரில் இருக்கும் அத்தைக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, போன் போட்டாள். மறுநாள் காலையில் அந்த அம்மாள் மினி டெம்போவில் வந்து நாயை ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேரன் பிறந்தான். ஐந்தாம் மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு மகள் புருஷன் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு வீட்டில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சுவரைப் பார்த்து, "நாய கூட்டியாந்துடலாம்" என்றார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து பைக்கில் ஏறினேன். நாய்மேல் உள்ள பாசம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நாத்தனார் வீடு கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. அந்த அம்மாளின் குரல் தெருமுனையிலேயே கேட்டது. "ஏய், எந்திரிடி! எவ்ளோ நேரம்டி படுத்துனு கெடப்ப?" என்று பசுவை அதட்டிக்கொண்டிருந்தார். பால்காரனுக்கு ஒரு கத்தல், கரண்டு போனதற்கு ஒரு கத்தல். இவ்வளவு இரைச்சலுக்கும் நடுவில் எங்கள் நாய் வைக்கோல்மேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கியது. பசுவைத் திட்டினால் அங்கே பசுவைத்தான் திட்டுகிறார்கள். நாய்க்கு அது தெரிந்திருந்தது. வேறு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி நாத்தனார் கூப்பிட்டதும் ஓடி வந்தது.

எங்களைக் கண்டதும் குதித்தது. என் கையை நக்கியது, அவர் மேல் ஏறிக்கொண்டது. உடம்பு போட்டு, முடி பளபளவென்று இருந்தது. எங்களை மன்னித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் அதன் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்கு வர்றியாடா? டீச்சரம்மாவுக்கு இஷ்டமான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கிண்டலில்லை, கோபமில்லை. உண்மையிலேயே என்னைத்தான் கேட்டார். அவருக்கும் எனக்கும் வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை.

நாயின் வால் இறங்கிவிட்டது. அவர் கையிலிருந்து முகத்தை உருவிக்கொண்டு கொட்டகைக்குள் போய்ப் பசுவுக்குப் பின்னால் நின்றது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை.

"அவகிட்ட கேக்கறத அவகிட்ட கேளுடா. வாயில்லாத ஜீவன இன்னாத்துக்கு இழுக்கற?" என்று நாத்தனார் அவரை அதட்டினார். மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அது அங்கயே இருக்கட்டும்."

சாலையில் வேறு யாரும் இல்லை. என்னிடம்தான் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"சரிங்க" என்றேன்.

அதற்குமேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. வில்லியனூர் வரும்வரை இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே வந்தோம்.