கரையான் அரிக்காத கிளி பார்டர்

அண்ணன் குப்பையில் போடச் சொன்ன பழைய ஹார்ட் டிஸ்க்கை, போட்டோ ஏதும் இருக்குமோ என்று கம்ப்யூட்டர் கடை பஷீரிடம் கொடுத்தேன். "ஜம்பரை மாத்துனாத்தான் பேசும் ஆயா," என்று பின்னாலிருந்த குட்டி மூடியைக் கழற்றி வேறு கம்பிகளில் செருகி, டிஸ்க் மேலே ஒட்டியிருந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

டிஸ்க் சூடேறி வந்த எண்ணெய் வாசனை, சின்ன வயசில் நானும் அண்ணனும் சேலை டிசைனுக்காகத் தறி அட்டையில் ஓட்டை குத்திக்கினு இருந்த கொட்டகையின் வாசனை; டொக் டொக்கென்று நாளெல்லாம் குத்தி, என் மனசிலிருந்த கிளி பார்டரை அங்கேதான் அட்டையில் இறக்கினேன். கல்யாணமாகிப் போனபின் அந்த அட்டைகளைக் கேட்டதற்கு, "கரையான் அரிச்சிடுச்சுமா," என்றார் அண்ணன்.

திரையில் என் கிளி நின்றது, நான் வளைத்த அதே மூக்கோடு. அடியில் ஒரு பெயர். எனக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. அண்ணன் பெயரை மட்டும் தடுமாறாமல் படிப்பேன். கொட்டகையில் அவரே சொல்லிக்கொடுத்தது.