எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி

வீடியோ கேம் விளையாடுகிற பெட்டியிலேயே சினிமாவும் பாட்டும் வீட்டு வீடியோவும் ஓட வேண்டுமா என்று இணையத்தில் இன்னும் சண்டை போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதில் வாய் கிழியப் பேசியவன்தான். ஓட வேண்டும் என்ற கட்சி. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

எங்கள் சமூகத்தில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும் கூப்பிடுவோம். ஆத்தா இறந்த பிறகு, அப்பச்சியைப் பார்த்துக்கொள்ளக் காரைக்குடி வீட்டுக்கே வந்துவிட்டேன். வந்த வாரமே என் கேம் கன்சோலை ஹால் டிவியில் மாட்டினேன். பழைய டிவிடிகளில் இருந்ததையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி அதன் பின்னால் செருகினேன். டிவிடிகளும் பிளேயரும் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

அப்பச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் ஒண்ணுலயே போடாதப்பா. வேற வை" என்றார். எங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு அதேதான், ஆனால் அடுப்பு தனி, அரிசி தனி. ஓர் அடுப்பு அணைந்தாலும் இன்னொன்றில் உலை கொதிக்கும் என்பது அவர் கணக்கு.

"மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீகளே அப்பச்சி" என்று சிரித்தேன்.

அந்த டிஸ்கில் அப்பச்சி, ஆத்தா இருவருடைய அறுபதாம் கல்யாண வீடியோ இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அப்பச்சியைப் பார்த்து ஆத்தா ஓரிடத்தில் சொல்வாள்: "இன்னும் என்ன அங்குட்டே நிக்கிறீக? எல போட்டாச்சு, சாப்பிட வாங்க."

அப்பச்சிக்கு மறதி முற்றியபோது சாப்பாட்டையும் மறந்தார். கெஞ்சினாலும் அதட்டினாலும் வாய் திறக்க மாட்டார். ஒருநாள் தற்செயலாக வீடியோவில் அந்த இடம் ஓடியது. "வாரேன்" என்று எழுந்து வந்து உட்கார்ந்து, இலையில் வைத்தது முழுவதையும் சாப்பிட்டார். அன்று முதல் தினமும் மதியம் அதைப் போட்டேன். வாரேன் என்பார், சாப்பிடுவார். பெட்டி வாங்கிய என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போன ஆடியில் புதுக் கார் பந்தய விளையாட்டு ஒன்று வாங்கினேன். கன்சோலில் இடம் இல்லை. அந்த டிஸ்கில் வைக்கலாம் என்று பார்த்தால், முதலில் அதை ஃபார்மேட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. இரண்டு தடவை கேட்டது. விளையாடுகிற அவசரத்தில் இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்தினேன். பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டிஸ்கை மதுரைக்கு, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்குக் கொண்டுபோனேன். மேலே விளையாட்டு ஏறிவிட்டது, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்றார்கள். வீடியோ எடுத்தவர் கடையை மூடிப் பல வருஷம். சொந்தக்காரர்களைக் கேட்டேன், ஆளுக்கொரு போட்டோ அனுப்பினார்கள். எந்தப் போட்டோவும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

இப்போது கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறேன். பாதி வேட்டியில் வழிகிறது. இளைத்துப்போய், சட்டை தோளில் நிற்பதில்லை. அந்த விளையாட்டை நான் திறக்கவே இல்லை.

இன்று மதியமும் இலை போட்டுவிட்டு, "எல போட்டாச்சு, சாப்பிட வாங்க அப்பச்சி" என்றேன். ஆத்தா சொன்ன அதே வார்த்தைகள்தான். அவர் அணைந்து கிடந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, ஒங்காத்தாளுக்கு எம்மேல என்ன கோவம்? இப்பல்லாம் கூப்பிடவே மாட்டேங்கிறா" என்றார்.

நான் இலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கஞ்சியையும் கரண்டியையும் எடுத்துவந்தேன்.