நானூறு டாலர் மிச்சம்

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஹோம்ஸ் கவுண்டியில் லைல் ஃபென்டனைத் தெரியாத கிளினிக் கிடையாது. மருந்து கம்பெனி ரெப்பாகப் பதினேழு வருடம். டாக்டரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டுமென்றால் கிளினிக் முழுவதற்கும் மதியச் சாப்பாடு வாங்கிப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்குச் சீஸ் இரண்டு துண்டு வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மருந்தைப் பற்றித்தான் அட்டையைப் பார்த்துச் சொல்வான்.

அந்த வருடம் கம்பெனி கொடுத்த அட்டை பளபளவென்று இருந்தது. புது ரத்த அழுத்த மாத்திரை. "நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு நானூறு டாலர் மிச்சம்" என்று கொட்டை எழுத்து. அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. அதை லைல் பயிற்சி வகுப்பில் ஒரு தடவை வாசித்ததோடு சரி. கிராமத்துக் கிளினிக் ஒன்றில் டாக்டர் ரோவீனா நின்றபடியே சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு கொட்டை எழுத்தை மட்டும் பார்த்தார். அவரிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஆமிஷ்காரர்கள். கரண்ட், கார், போன் எதுவும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் கிறித்தவக் கூட்டம். இன்சூரன்ஸும் எடுக்காத ஜனம், மாத்திரைக்குக் கைக்காசுதான். மிச்சம் என்றதும் எழுதித் தள்ளிவிட்டார். லைலின் விற்பனையில் பாதி அந்த ஒரே கிளினிக்கிலிருந்து வந்தது.

எட்டு மாதம் கழித்து அவன் சாப்பாட்டுப் பெட்டிகளோடு நுழைந்தபோது, வரவேற்பு மேசையிலிருந்த பெர்னடீன் சிரிக்கவில்லை.

"வாங்க, சாண்ட்விச் மகாராஜா. உள்ள ஒருத்தர் உங்களுக்காகக் காத்திட்டிருக்காரு. அவருக்குப் பதில் சொல்லாம இனிமே இந்தப் படி ஏறக்கூடாதாம். டாக்டர் உத்தரவு."

உள்ளே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மேலன் ட்ரோயர் உட்கார்ந்திருந்தார். மாடு வைத்துப் பால் கறக்கும் ஆமிஷ்காரர்.

"வருஷத்துக்கு நானூறு மிச்சம்னு டாக்டரம்மா உங்க அட்டையப் பாத்துத்தான் சொன்னாங்க. பழைய மாத்திரை மாசம் பதினொரு டாலர். இது எழுபது. மிச்சம் எப்ப வரும்னு எட்டு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கேன். கட்டுப்படியாகாம ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முழுங்கறேன்."

"இவருக்கு இப்ப பிரஷர் நூத்தித் தொண்ணூறு, லைல்," என்றார் பக்கத்தில் நின்ற டாக்டர்.

"அது வந்து... மொத்தமாப் பாத்தா..." என்று லைல் இழுத்தான். மேலன் கோபப்படவில்லை, உண்மையாகவே விளக்கத்துக்குக் காத்திருந்தார். பதினேழு வருடத்தில் தன் அட்டையை அப்படியே நம்பிய ஒரு மனுஷரை லைல் இன்றைக்குத்தான் நேரில் பார்த்தான். வெட்கமாக இருந்தது. அட்டையின் அடியிலிருந்த பொடி எழுத்தை வாசித்தான்.

"இதச் சாப்பிட்டா ஆஸ்பத்திரியில படுக்கறது குறையும், அதனால இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மிச்சமாகும்னு ஒரு கணக்குங்க. உத்தேசக் கணக்கு."

"நான் ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லையே," என்று மேலன் யோசித்தார். "அப்ப மிச்சம் எனக்கில்லையா?"

"இல்லைங்க. உங்களுக்கில்ல." லைல் டாக்டரைப் பார்த்தான். "பழைய மாத்திரையவே எழுதிக் குடுத்துடுங்க, டாக்டர்."

"அதெல்லாம் எழுதி அரை மணி நேரமாச்சு. சாப்பிட்டுக்கிட்டே அட்டையப் படிச்ச என் புத்தியச் சொல்லணும்," என்று தலையில் தட்டிக்கொண்டார் டாக்டர். "பெர்னடீன், இன்சூரன்ஸ் இல்லாம இந்த மாத்திரை சாப்பிடறவங்க எத்தன பேரு?"

"அறுபத்திரண்டு, டாக்டர். ஒரு வீட்டுலயும் போன் கிடையாது. நேர்ல போய்த்தான் சொல்லணும்."

அந்த அறுபத்திரண்டு பேரை விட்டால் லைலுக்கு இந்த வருடம் போனஸ் இல்லை. வேலையே இருக்குமா என்பதும் சந்தேகம்தான். சாப்பாட்டுப் பெட்டிகளை மேசையில் வைத்தான்.

"லிஸ்ட்ட என்கிட்ட குடுங்க," என்றான். "வெளிய கம்பெனி கார் நிக்குது."