குங்குமத்தோடு போன பிலிம்

என் பூஜை அலமாரியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. கட்டைவிரல் உயரம், சாம்பல் நிற மூடி. அந்தக் காலத்தில் கேமரா பிலிம் இதில்தான் வரும். காலியானதும் நம் வீடுகளில் அதற்குக் குங்குமம் சுமக்கும் உத்தியோகம் கிடைத்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் நான் குங்குமம் வைத்ததில்லை.

என் அண்ணி தொண்ணூறுகளில் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு இரண்டு கேமராவோடு போவார். முக்கியமான சடங்கை ஒன்றில் எடுத்த கையோடு, மற்றதைத் தூக்கி இன்னொரு தரம் எடுப்பார். பிலிம் முடிந்ததும் ஒன்று அவர் பையில் இருக்கும். மற்றதை அண்ணன் ஸ்கூட்டரில் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோவார். "ஒரே பையில ரெண்டும் போகக் கூடாது. பை போச்சுன்னா கல்யாணமே போச்சு" என்பார். இதற்காக அவரை நான் கேலி செய்யாத நாளில்லை. "அண்ணி, அண்ணனையும் ரெண்டா வெச்சுக்கலாமே?" என்பேன். "ஒண்ணையே சமாளிக்க முடியல, சும்னிரு புள்ள" என்று கன்னடம் கலந்து வாயை அடைப்பார்.

என் கல்யாணம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ஒரு சத்திரத்தில் நடந்தது. அப்பாவுக்கு அப்போதே உடம்பு தேறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கேமராவைக் கண்டாலே நழுவிவிடும் மனிதர். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. "தாரை வார்க்கும்போது எங்க ஓடுவார்? அன்னிக்குப் புடிச்சிடறேன்" என்று அண்ணி எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னபடியே எடுத்தார். புரோகிதர் அவசரப்படுத்தியும் அசையாமல், இரண்டாவது கேமராவிலும் எடுத்தார்.

பிறகு நான் சுமங்கலிகளுக்குத் தாம்பூலப் பை கொடுக்க உட்கார்ந்தேன். பைக்கு ஒரு டப்பா குங்குமம். எல்லாம் அண்ணியின் ஸ்டுடியோவில் சேர்ந்த காலி டப்பாக்கள். அந்த நேரம் பார்த்து அண்ணி இரண்டாவது பிலிமைக் கழற்றி டப்பாவில் போட்டு, "பாத்துக்கோ" என்று என் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். புது மணப்பெண்ணின் மயக்கத்தில் அதையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று சத்தியமாக நினைவில்லை.

தெரிந்ததும் மாலையும் கழுத்துமாக அழுதேன். அண்ணி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அழாத. மொதல் பிலிம் இந்நேரம் மைசூர் சேர்ந்திருக்கும்" என்று என் மூக்கைத் துடைத்துவிட்டார். அவருடைய பயத்துக்கு நான் மனசார கும்பிடு போட்டது அன்றைக்குத்தான்.

கழுவி வந்த படத்தில் அப்பா தலை குனிந்து, செம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல, நானும் வந்திருக்கேன்" என்று அவரே சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

எட்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். காரியத்துக்கு ஹனூரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, மடியிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்தார். "குங்குமம்னு தொறந்தா உள்ள வேற என்னமோ இருந்துச்சு கண்ணு. கல்யாணத்துல குடுத்ததாச்சே, சாமிகிட்டயே வெச்சிருந்தேன்" என்றார். அண்ணி அன்று மாலையே ஸ்டுடியோவைத் திறந்தார். மறுநாள் ஒரு படத்தை என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். படம் எடுத்து முடிந்தது என்று நினைத்த அப்பா, அதில் தலையை நிமிர்த்தியிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. அவர் என்னை அப்படிப் பார்த்தது எனக்கே தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

போன வாரம் அண்ணியின் மகள் தன் புதுக் கேமராவோடு வந்தாள். அவளும் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறாள். கேமராவுக்குள்ளேயே இரண்டு மெமரி கார்டு. "காப்பி எடுத்து வைக்க கம்ப்யூட்டரே வேணாம் அத்தை. ஒரு தடவை அமுக்கினா போதும், ரெண்டுலயும் அதே படம் ஏறிடும். அம்மா மாதிரி ரெண்டு தரம் எடுக்கத் தேவையில்ல" என்றாள். பத்திரமாக வைத்துக்கொள் என்று இந்த டப்பாவை அவளிடம் நீட்டினேன். கார்டு இரண்டும் அதில் கச்சிதமாக அடங்கின. பிறகு என்ன தோன்றியதோ, கார்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கேமராவாக இருந்திருந்தால், அப்பா இரண்டிலும் தலை குனிந்தே நின்றிருப்பார்.