பேசாதீங்க, பாடம் நடக்குது

ஊழியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது எப்படி என்று போன மாதம் அலோர் ஸ்டார் நகரின் மெர்கோங் பகுதியில் ஒரு வகுப்பெடுத்தேன். நடுவில், பின்வரிசையில் குசுகுசுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை, "பேசாதீங்க, பாடம் நடக்குது" என்று அதட்டினேன். நான் சொன்னது புரியாத ஒருத்திக்கு மற்றவள் விளக்கிக்கொண்டிருந்தாளாம்.

மத்தியானம் சோறு பரிமாறியவர் கையுறையை உருவியபோது அந்த ரப்பர் வாசம் வந்தது. கோழிக்குழம்பை விட்டுவிட்டு என் மூக்கு செர்டாங் பக்கம் போய்விட்டது.

அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக வந்து, ரப்பர் பாலில் முங்கி, அடுப்பில் காய்ந்து வரும். யாரையோ வழியனுப்ப வந்த கூட்டம் போல இருக்கும். அப்படி ஓடிய லைன்களில் மூன்றாவது பழசு. தோட்டத்துப் பெண்களை ஏற்றிவரும் எஸ்டேட் பஸ், ஓட்டுநரின் அடுத்த சவாரிக்காக, பிற்பகல் ஷிஃப்ட்டைச் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிடும். வந்தவர்கள் நேராக லைனுக்குப் போய், வேலையில் இருப்பவர்களோடு வாயடிப்பார்கள்.

"மேரி, மூணாம் நம்பர் காலையிலேருந்து மூஞ்சத் தூக்கி வச்சிருக்குடி," என்பார் காலை ஷிஃப்ட் லெட்சுமி அக்கா, பிற்பகல் ஷிஃப்ட்டுக்கு வந்திறங்கிய மேரியிடம்.

"உன் மருமக மாதிரியா?"

"அவ பரவால்லலா. இது மழை பேஞ்சதிலேருந்து காய மாட்டேங்குது."

"சங்கிலிய மெதுவா ஓட்டுக்கா, வழிக்கு வந்துரும். மருமகளுக்குத்தான் எனக்கு மருந்து தெரியல."

இதில் எது மருமகள், எது இயந்திரம் என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரிந்ததில்லை. மேனேஜருக்கோ பிரிக்கும் பொறுமையே இல்லை. பேச்சால்தான் கவனம் சிதறுகிறது என்று முடிவுசெய்தார். பஸ் நேரம் மாறியது. ஒரு ஷிஃப்ட் வெளியேறிய பிறகே அடுத்தது உள்ளே. லைனில் பேசக்கூடாது என்று அறிவிக்கும் வேலை என்னுடையது. தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றாகவே அறிவித்தேன்.

ஓட்டை விழுந்த கையுறைகள் குவியத் தொடங்கின. இயந்திரம் காலையில் என்ன முரண்டு பிடித்தது என்பது லெட்சுமி அக்காவுக்குத் தெரியும். அதை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது மேரிக்குத் தெரியும். இரண்டும் சந்திக்கத்தான் இடமில்லை. இப்படியே போனால் லைனை மூடி, பெண்களைக் கூலிமில் இருந்த இன்னொரு ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. அங்கே எஸ்டேட் பஸ் போகாது. வேலை போனது போலத்தான்.

நிறுவனமும் கற்றுக்கொள்ள முயன்றது, பாவம். வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டி, அன்றைய கோளாறை எழுதிவிட்டுப் போகச் சொன்னது. மருமகளுக்கு இடமில்லாத பலகையில் யார் எழுதுவார்கள்? என் கையெழுத்தில் 'கோளாறுகள்' என்ற தலைப்பு மட்டும் கடைசிவரை அதில் இருந்தது.

லைனை மூடினார்கள். பிறகு ஆலையும் போயிற்று. இப்போது அங்கே லாரி கழுவுகிறார்கள். சீக்கிரம் வந்து சேரும் பஸ் எதுவும் இப்போது அந்தப் பக்கம் ஓடுவதில்லை.

போன வாரம் செர்டாங் பாசாரில் லெட்சுமி அக்கா கீரை பொறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது என்ன வேலை என்று விசாரித்தார். ஆட்களை ஒருவரோடொருவர் பேசவைக்க வகுப்பெடுப்பதாக, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கீரைக்கட்டை உதறியபடி என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு எங்கள பேசாதீங்கன்னு சொன்னதுக்கும் சம்பளம் வாங்குன. இன்னிக்குப் பேசுங்கன்னு சொல்றதுக்கும் வாங்குற. நல்ல வேலைதான் தம்பி."