மடியில் வந்த டர்போ

போன மாதம் ஒரு நாள் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் என் தங்கை கிரேஸ். அவள் மடியில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு மூட்டை.

கண்டக்டர் வந்தார். மூட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா அது? கீழ வைக்கலாம்லா?"

"இல்ல, மடியிலயே இருக்கட்டும்."

"பச்சப்புள்ளையா?"

"டர்போ," என்றாள் கிரேஸ்.

கண்டக்டர் பெட்ஷீட்டின் ஓரத்தை லேசாக விலக்கிப் பார்த்தார். பெரிய நத்தை மாதிரி சுருண்ட ஒரு இரும்பு உருவம். "எம்மா, இது பன்னெண்டு கிலோவாவது இருக்குமே! திருநவேலி போறதுக்குள்ள காலு மரத்துப் போவும்."

"மரத்தா மரத்துட்டுப் போவுது. கீழ வச்சா குலுங்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கயத்தாறு காற்றாலைகளை எண்ண ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய?

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஆட்டோ பிடிப்பேன். அப்படிப்பட்ட ஆள் பழைய டர்போ வாங்க மதுரை வரை போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கிரேஸ் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறாள். அங்கே நூல் மில்லில் பத்தொன்பது வருஷமாக வேலை. அவள் கணவர் தங்கராஜ் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வெட்டுகிற ஏத்தன் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலை ஏறி இறங்கி, புனலூர் சந்தையில் சேர்ப்பது அவர் தொழில். லாரியின் நெற்றியில் 'கிருபை' என்று பெரிதாக எழுதியிருக்கும். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். கிரேஸ் என்ற பெயருக்குத் தமிழில் அதுதான் அர்த்தம் என்று எங்களுக்குத்தான் தெரியும்!

அந்தக் கிருபைக்கு ஒரு வருஷமாக மூச்சு வாங்கியது. சமதரையில் ஒன்றும் தெரியாது. புளியரை தாண்டி மலை ஆரம்பித்தால் போச்சு. இரண்டாவது கியரில் முக்கி முக்கி ஏறும். பின்னால் வருகிற லாரிகள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போகும். ஒரு நாள் வைக்கோல் ஏற்றிய லாரிகூட முந்திப் போயிற்று. அன்றைக்குத் தங்கராஜ் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பிந்திப் போனால் சந்தை காத்திருக்குமா? தார் ஏற்றிவிடுகிற வியாபாரி அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார். "தங்கராஜு, ஒன் மேல எனக்குக் கொறை கெடையாது. காயிக்கு அது தெரியுமா வே? வெயில்ல பழுத்துருது. இந்த மாசம் பாப்போம்."

அந்த வாரமே தங்கராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். லாரியை விற்றுவிடுவது. குவைத்தில் கம்பெனி டிரைவர் வேலைக்குப் போவது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஏஜெண்டிடம் பாஸ்போர்ட் நகலும் கொடுத்தாகிவிட்டது.

கிரேஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"அண்ணன், வெள்ளிக்கெழம சும்மாதான இருப்பிய? மதுரைக்கு வாரியளா?"

"என்ன விசேஷம்?"

"ஒரு சாமான் வாங்கணும். அவுகளுக்குத் தெரியக் கூடாது."

அதற்கு முன்னால் அவள் மேலப்பாளையம் போய் மீரான் பாயைப் பார்த்திருக்கிறாள். தங்கராஜின் லாரிக்கு முதல் நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, டர்போதான் தேய்ந்துவிட்டது என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். புதுசின் விலையைக் கேட்டதும் தங்கராஜ் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். பழசுக்கு அவர் சம்மதிக்கவில்லை. 'செத்த வண்டியில கழத்துன சாமான் எனக்கு வேண்டாம்' என்று ஒரே பிடிவாதம்.

டர்போ என்றால் என்ன என்று எனக்கும் பிற்பாடு மீரான் பாய்தான் விளக்கினார். "எஞ்சின் வெளிய விடுத பொகை சும்மாத்தான போவுது? அத ஒரு சக்கரத்துல மோத விடுதோம். சக்கரம் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்த இழுத்து எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடுனா டீசல் நல்லா எரியும். இழுவ கூடும். அம்புட்டுதான்."

வீணாகப் போகிற மூச்சைப் பிடித்து வைத்தே மலை ஏறுவது! எவ்வளவு எளிமையான யோசனை... நமக்குத்தான் தோன்றாது.

இதே எஞ்சின் உள்ள பத்துச் சக்கர லாரியில் ஒரு சுற்றுப் பெரிய டர்போ வரும், அது இதற்குப் பொருந்தும் என்று நம்பரை எழுதிக் கொடுத்தார் பாய். ஒரே ஒரு எச்சரிக்கை - "தண்டு ஆடக் கூடாது தங்கச்சி. மசுரளவு ஆடுனாலும் வேண்டாம்."

மதுரையில் பழைய லாரி சாமான் விற்கிற கடை. உள்ளே நுழைந்தால் இரும்புக் காடு. கடைக்காரர் அந்த நம்பரில் ஏழு டர்போக்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"எல்லாமே நல்ல சரக்குக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

"அப்படித்தான் எடுக்கப் போறேன்," என்றாள் கிரேஸ்.

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். முதல் டர்போவை எடுத்து, சக்கரத்தின் நடுவில் இரண்டு விரலை வைத்துப் பையச் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். "இது உரசுது." அடுத்தது. "ஆடுது." அடுத்தது. "இதுவும்."

கடைக்காரரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவதைத் தள்ளியபோது கேட்டுவிட்டார். "அக்கா, நீங்க மெக்கானிக்கா?"

"நூல் மில்லுல வேலை. நாள் பூரா ஆயிரக்கணக்குல நூல் கதிரு சுத்தும். அதுல ஒண்ணு சரியில்லன்னா சத்தத்துலயே தெரிஞ்சிரும்."

ஆறாவதும் போயிற்று. ஏழாவதைச் சுற்றிவிட்டாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றி, தானாக நின்றது. இன்னொரு தடவை சுற்றினாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இதுதான் அண்ணன்," என்றாள். புடவைக் கடையில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அதைத்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

வீட்டில் தங்கராஜ் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரக் கேட்டு வாங்குன?"

"யாரையும் கேக்கல."

"வண்டிய விக்கப் போறேன்னு சொன்னேம்லா?"

"வித்தா இதையும் சேத்து வில்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நானும் தங்கராஜும் டர்போவும் மட்டும் ஹாலில். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மெல்ல அதன் பக்கம் போனது. சக்கரத்தைச் சுற்றினார். தண்டை அசைத்துப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார். "மச்சான், இத யாரு பாத்து எடுத்தா?" என்று கேட்டார்.

அடுப்படியைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் லாரியில் மேலப்பாளையம் போனோம். பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. மதியத்துக்குள் டர்போவை மாட்டிவிட்டார். டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வருகிற குழாயை மட்டும் 'நான் மாட்டுதேன்' என்று தங்கராஜ் வாங்கிக்கொண்டார். அவர் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் இல்லையா? ஆயில் கசிந்துவிடக் கூடாதே என்று இணைப்பில் பசையைத் தாராளமாகப் பூசினார். ரொம்பத் தாராளமாக!

எஞ்சினை ஸ்டார்ட் செய்தார் பாய். முதலில் ஒரு மெல்லிய விசில். கிரேஸ் என் கையைப் பிடித்து அழுத்தினாள். விசில் ஏறியது. அப்புறம் யாரும் மிதிக்காமலேயே எஞ்சின் உறும ஆரம்பித்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. வெள்ளையும் நீலமுமாகப் புகை ஷெட்டை மூடியது. பாய் சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. டீசலை அடைத்தார். அப்போதும் நிற்கவில்லை!

"ஆயிலக் குடிக்கி! எல்லாரும் ஓடுங்க... வெடிச்சிரும்!" என்று கத்திக்கொண்டே பாய் வெளியே குதித்தார்.

நான் ஓடினேன். வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த்தான் நின்றேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

தங்கராஜ் மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடினார். புகைக்குள் புகுந்து கேபினில் ஏறிவிட்டார். "எறங்குங்க! வண்டி போனா போவட்டும், எறங்குங்க!" - கிரேஸ் அலறிக்கொண்டே அவர் பின்னால் ஓட, பாய் குறுக்கே விழுந்து அவளைத் தடுத்தார். உள்ளே தங்கராஜ் டாப் கியரைப் போட்டு, பிரேக்கின் மேல் ஏறி நின்று, கிளட்சைச் சட்டென்று விட்டார். லாரி முழுவதும் ஒரு தடவை தூக்கிப்போட்டது. எஞ்சின் திணறி, இருமி... நின்றுவிட்டது.

எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம்தான் இருக்கும்.

இருமிக்கொண்டே இறங்கிய தங்கராஜை கிரேஸ் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். "ஒங்களுக்குக் கிறுக்கா? இரும்புக்காவ உசுர விடுவியளா?"

அவர் அடியை வாங்கிக்கொண்டே சொன்னார். "நீ மதுரையிலருந்து மடியில வச்சித் தூக்கிட்டு வந்ததுட்டீ. எப்பிடி விட்டுட்டு ஓடுவேன்?"

அடி நின்றது. அப்புறம் அவள் அழுத அழுகையில் பாய் பக்கத்துக் கடைக்கு டீ சொல்லப் போய்விட்டார்.

கழற்றிப் பார்த்தால், தங்கராஜ் பூசிய பசை உள்ளே பிதுங்கி, ஆயில் திரும்பும் வழியை அடைத்திருந்தது. போக வழியில்லாத ஆயில் டர்போவுக்குள் நிரம்பி, காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விட்டது. எஞ்சின் அதையே டீசலாக நினைத்து எரித்திருக்கிறது.

"அன்பா மாட்டியிருக்காரு. அதான் அடச்சிட்டு," என்றார் பாய்.

பாருங்கள், நாமும் எத்தனை இடத்தில் இப்படித்தான் செய்கிறோம்! கசிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், போக வேண்டிய வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். பிள்ளைகளிடம், மனைவியிடம், நண்பர்களிடம்... சரி, பாயின் ஷெட்டில் உட்கார்ந்து தத்துவம் பேசினால் ஸ்பானரால் அடிப்பார்.

இனி அந்த டர்போ தேறுமா? எல்லோரும் கிரேஸைப் பார்த்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். சுற்றிவிட்டாள்.

பாயும் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஆடல," என்றாள்.

பாய் இரண்டு கையையும் ஏந்தி இறைவனுக்கு நன்றி சொன்னார். உள்ளே தேங்கிய ஆயிலைத் துடைத்து, குழாயைப் புதிதாகப் போட்டு, இணைப்பைத் தானே மாட்டினார். தங்கராஜ் உதவிக்கு வந்தபோது, "நீ அங்கன தள்ளி நின்னு தங்கச்சிகூடப் பேசிக்கிட்டு இரு வே," என்று விரட்டிவிட்டார். சாயங்காலம் மறுபடி ஸ்டார்ட் செய்தபோது நான் முன்கூட்டியே வேப்பமரத்தடிக்குப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. விசில் மட்டும்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை முழு லோடு. கிரேஸ் லீவு போட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன். கேபினில் மூன்று பேர், பின்னால் கொள்ளாத வாழைத்தார். புளியரை தாண்டி மலை ஆரம்பித்தது. தங்கராஜ் பழக்கதோஷத்தில் இரண்டாவது கியருக்குக் கையைக் கொண்டுபோனார்.

"மூணுலயே விடுங்க. இழுக்குது பாருங்க," என்றாள் கிரேஸ்.

விட்டார். இழுத்தது. எஸ் வளைவில் விசிலடித்துக்கொண்டே ஏறியது. முன்னால் இரண்டு லாரிகள் திணறிக்கொண்டிருந்தன. தாராளமாக இடம் கிடைத்த இடத்தில் ஹாரன்கூட அடிக்காமல் அவற்றை முந்தினார். ஒரு வருஷமாக மற்றவர்கள் முந்திப் போவதைப் பார்த்த மனிதர். ஒரு தடவை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உச்சியைக் கடந்து ஆரியங்காவு தாண்டினோம். வெயில் மரங்களுக்குள் சாய்ந்திருந்தது. அப்போது அவர் போன் அடித்தது. ஏஜெண்ட்! தங்கராஜ் திரையைப் பார்த்தார். போனை கிரேஸிடம் நீட்டினார்.

"அவுக வண்டி ஓட்டுதாக," என்றாள் அவள். "குவைத்தா? இல்ல சார்... ஏத்தத்துல இருக்கோம். இப்ப ஒண்ணும் யோசிக்க முடியாது."

நாங்கள் அப்போது தென்மலையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தோம்.